லோடு ஏறும்போ பாக்கணும்

குளச்சல் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே பில்லிங் சர்வர் பகலில் தானாக அணைந்து அணைந்து எழும்புகிறதென்று போன் வந்தது. வடசேரியில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் உதவிக்கு நிற்கும் பையனும் கிளம்ப, வேலையைப் பார்க்கப் போயிருந்த நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போகும் முன்பே விண்டோஸைத் திரும்ப ஏற்றியாகிவிட்டது, ராமும் மாற்றியாகிவிட்டது. லாக்கில் ‘கர்னல் பவர் 41’ வரிசையாக நின்றது. முறையாக அணைக்காமலே மெஷின் நின்றுபோனது என்பதற்குமேல் அது எதுவும் சொல்லாது.

“நிக்கதுக்கு முன்னால ஃபேன் சத்தம் கூடுமா?” அண்ணாச்சி கேட்டது இது ஒன்றுதான். பிராசசர் சூடேறி நிற்கிற சர்வர் முதலில் ஃபேனை இரைய விடும், பிறகு மந்தமாகும், அப்புறம்தான் விழும். இதுவோ பட்டென்று விழுகிறது. அவர் சர்வருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்பிவிட்டார்.

மஞ்சள் வயரில் மீட்டர் 12.1 காட்டியது. குறை சொல்ல முடியாத கணக்கு. “சும்மா ஓடும்போ எல்லாம் சரியாத்தான் காட்டும் சார். லோடு ஏறும்போ பாக்கணும்” என்று பேக்கப்பை ஓடவிட்டார். 11.6. 11.4. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 12 வோல்ட்டில் ஐந்து சதவீதம்தான் விட்டுக்கொடுப்பு. 11.2-இல் திரை இருண்டது.

“லே மக்கா, வயரப் புடுங்கின உடனே உள்ள கை வைக்காத.” அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கும். பொறுத்திருந்து திறந்தார்கள். உப்புக்காற்றில் ஊறிய தூசி ஃபேனுக்குப் பின்னால் கம்பளித் துண்டாகப் படிந்திருந்தது. இரண்டு கெப்பாசிட்டர்களுக்குத் தலை உப்பியிருந்தது. பத்து டிகிரி சூடு கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கரண்ட் கோளாறு என்று நாம் தேடியது சூட்டின் வேலை. சர்வரின் முதுகு சுவரை ஒட்டியிருந்தது. கீழே இருந்த யு.பி.எஸ்ஸின் அனல் முழுவதும் அதற்குள்ளேதான் போயிருக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டியதோடு விடாமல், சர்வரையும் யு.பி.எஸ்ஸையும் பிரித்து ஓரடி தள்ளி வைத்தார். பிறகு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்டேஜ் பார்த்து எழுதிவைத்தார். கேட்காமலே செய்த வேலை.

திரும்பும் வழியில் ஒக்கிப் புயலைப் பற்றிச் சொன்னார். 2017 நவம்பர் 30-இல் அடித்த காற்றில் மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கரண்டில் அடிபட்ட யு.பி.எஸ்.கள் கடையில் குவிந்து, ராவும் பகலும் வேலை பார்த்திருக்கிறார்கள்.

மாற்றிய பார்ட்ஸுக்குப் பேசாமல் பணம் எடுக்கிறவர்களே, கண்டுபிடித்ததற்குக் கூலி என்றால் முகம் சுளிக்கிறார்கள். இது அநியாயம். அங்கே ராம் வாங்கிய பணம் வீண். காப்பாற்றியது அந்த மீட்டரும் பொறுமையும்தான். சர்வர் வைத்திருப்பவர்களே, அடுத்த பில்லில் அந்தக் கூலியைத் தனி வரியாகப் போடச் சொல்லி, பேரம் பேசாமல் கொடுங்கள்.