தோற்ற ஆட்டத்தின் கணக்கு



ஐம்பத்தாறாம் வயதில் ஒரு விளையாட்டைக் கற்கப் புறப்பட்டவனின் கதையைச் சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டே படியுங்கள். கீழக்கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டுத் திருச்சிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. பாலக்கரையில் வீடு, பெரிய கடைவீதியில் துணிக்கடை. சதுரங்கத்தில் நான் பரிசு எதுவும் பெற்றவனல்லன். இனிப் பெறப் போவதும் இல்லை. ஆயினும், அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட அப்பலகை எனக்குக் காட்டிய ஒன்றை உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். தமிழகத்துப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் அந்த ஆர்வம் பற்றிக்கொண்டது. என் மகள் வயிற்றுப் பேரனும் ஒரு பலகையை வாங்கி வந்து என்முன் விரித்தான். “உன் பாட்டனுக்கா கற்றுத் தருகிறாய்? என் வாப்பா எனக்கு அக்காலத்திலேயே சொல்லித் தந்ததாயிற்றே!” என்று பெருமை பேசிக்கொண்டு அமர்ந்தேன்.

வாப்பா கற்பித்தது நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் செல்லும். ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். “அப்பா, அது பழைய சட்டம்; இப்போது அப்படி ஆடுவதில்லை” என்றான் பேரன். புதிய சட்டத்தில் ஆடினோம். மூன்று ஆட்டங்களிலும் அந்தப் பத்து வயதுச் சிறுவன் என்னை வீழ்த்தினான். பழைய சட்டத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தச் சாக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் என்பவரைப் பற்றிப் பின்னர் அறிந்தேன். அவரும் முதலில் கற்றது நமது நாட்டு ஆட்டமே. ஆயினும் 1929இல் இங்கிலாந்து சென்று அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். உலக சாம்பியனாயிருந்த கேபபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். அவர் 1966இல் மறைந்தார். 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. பழைய சட்டத்தில் வளர்ந்தது ஒரு குறையே அன்று என்பதை அவர் வாழ்வு காட்டிவிட்டபின், குறை என்னிடமே என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை.

எங்கள் கடைக்கு நெடுநாளாக வந்து செல்லும் பெரியவர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் வசிக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சதுரங்கத்தில் தேர்ந்தவர். என் நிலையைச் சொன்னதும், “ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பாய், பார்ப்போம்” என்றார். அன்று தொடங்கியது என் பயணம். அஸர் தொழுதுவிட்டு ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, மஃரிபுக்குள் வீடு திரும்புவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த மாதங்களில் சுற்றுவழியில் போய் வந்தேன். “கடை இல்லாத ஒரு நாளும் உங்களை வீட்டில் காண முடியவில்லை” என்று என் மனைவி குறைபட்டதும் நியாயமே.

முதல் நாள் அவர் தமது யானைகளில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, “இது இல்லாமல் ஆடுகிறேன்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இது பழமையான முறை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு மக்களிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ராஜாவை மடக்கும்போது உலகம் முழுவதும் சொல்லும் ‘செக்மேட்’, ‘ஷாஹ் மாத்’ என்பதன் திரிபே. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-அத்லீயும் பத்தாம் நூற்றாண்டில் அபூபக்ர் அஸ்-ஸூலீயும் இதைப் பற்றி நூல்கள் எழுதினர். அக்காலத்திலேயே ஆட்டக்காரர்களை ஐந்து தரங்களாக வகுத்து, மேல்தரத்தார் கீழ்தரத்தாருக்குக் காய் விட்டுக்கொடுத்து ஆடும் வழக்கம் இருந்தது. பாக்தாதில் கலீஃபாவின் அவையிலேயே இருந்த வழக்கம் என்றால், பாலக்கரைக்காரனுக்கு அதில் என்ன அவமானம்?

“இவ்விளையாட்டு ஆகுமானதா?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்றும், ஹனஃபி மத்ஹபில் கண்டிப்பு மிகுதி என்றும், நான் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இது மக்ரூஹ் என்றும், பந்தயம் கலந்தாலோ தொழுகை தவறினாலோ ஹராமாகும் என்றும் அவர் விளக்கினார். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமல்லன். எவரையும் ஆட வருமாறு அழைக்கவும் இல்லை. உங்கள் ஐயத்தை உங்கள் ஆலிமிடமே கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். ஒரு ஞாயிறு, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக எண்ணி அமர்ந்திருந்தவன், மஃரிபுடைய நேரத்தைத் தவறவிட்டேன். அந்த ஆட்டத்திலும் தோற்றேன். அன்றிரவு களாச் செய்து தொழுதபோது, இனி அங்குப் போவதில்லை என்றே முடிவு செய்தேன். மறுவாரம் இதைத் தெரிவிக்கக் கடைக்கு வரச் சொன்னபோது அப்பெரியவர் வருந்தினார். “என் வீட்டில் நடந்ததால் எனக்கும் அதில் பங்குண்டு, பாய்” என்றார். அதன்பின் அவர் வீட்டுப் பலகையருகே ஒரு கடிகாரம் இடம்பெற்றது. மணி ஐந்தரை ஆனதும், “நகர்வை எழுதிக்கொள்ளுங்கள், மீதி அடுத்த வாரம்” என்று அவரே பலகையை மூடிவிடுவார்.

இனி அவர் கற்பித்த முறைக்கு வருகிறேன். தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்ய அவர் விடவில்லை. பலகையில் இரண்டு ராஜாக்களையும் ஒரே ஒரு சிப்பாயையும் வைத்து இரு மாதங்கள் பயிற்சி தந்தார். இரு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை யாருடையதோ அவரே வழிவிட நேரும். இந்தச் சிறு உண்மையை அறியாதவன் வென்ற ஆட்டத்தையும் கைவிடுவான். 1921இல் கேபபிளாங்கா எழுதிய பாடநூலும் இறுதி ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறது என்றார்.

இரண்டாவது பாடம் குறிப்பேடு. ஒவ்வொரு நகர்வையும் எழுத வேண்டும். அருகே, ஏன் அப்படி ஆடினேன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். தோற்றபின் அதே ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் ஆடிப் பார்க்க வேண்டும். பேரனின் கைபேசி நொடியில் பிழையைக் காட்டிவிடும். ஆனால், “நீங்களே தேடிக் கண்டபிறகு அதைக் கேளுங்கள், இல்லையேல் பிழை அதனுடையதாக இருக்கும், பாடம் உங்களுடையதாகாது” என்பார் பெரியவர்.

தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்ப்பது எவ்வளவு கசப்பானது என்று ஆடாதவர்களுக்குத் தெரியாது. நான் எப்போதும் கடைசிப் பிழையையே சுட்டுவேன்: “இங்கே ராணியை இழந்தேன், அதனால் தோற்றேன்.” அவர் தலையசைப்பார். “ராணி போனது இருபதாவது நகர்வில். அதற்கு வழி திறந்தது எங்கே?” பின்னோக்கிப் போவோம். ஏழாவது, எட்டாவது நகர்விலேயே அது கிடைக்கும்: செக் சொல்லும் ஆசையில் ராணியை அவசரமாக வெளியே கொண்டுவந்திருப்பேன். பக்கத்துக்குப் பக்கம் இதே பிழை. எதிராளி கெட்டிக்காரர் என்பதால் நான் தோற்கவில்லை. என் அவசரத்தால் தோற்றேன்.

இக்குறிப்பேட்டை எழுதிவந்த நாட்களில்தான் வேறொரு தோல்வி நினைவுக்கு வந்தது. என் தம்பியும் நானும் பேச்சற்று அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாப்பாவின் மறைவுக்குப்பின் கடைக் கணக்கு பற்றி எழுந்த தகராறு அது. பலர்முன் என்னை நம்பிக்கையற்றவன்போல் கணக்குக் கேட்டான் என்பதே என் மனத்தில் பதிந்திருந்த கடைசி நகர்வு. ஓரிரவு அந்தச் சண்டையையும் ஓர் ஆட்டத்தைப் போல் முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். தம்பி கணக்குக் கேட்பதற்கு நான்கு மாதங்கள் முன்பே, கடையின் வாடகை ஒப்பந்தத்தை அவனைக் கேளாமல் என் பெயரில் மட்டும் புதுப்பித்திருக்கிறேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை; எனக்கே நினைவூட்டிக்கொண்டதும் இல்லை.

வாசகர்களே! முஹாசபா என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம்மை நாமே கணக்குக் கேட்கவேண்டும் என்பதை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நான் என் நினைவுப்படி கணக்குப் பார்த்தேன். நினைவோ எப்போதும் என் பக்கமே சாட்சி சொன்னது. எழுத்தில் வைத்து முதலிலிருந்து பார்த்தபோதுதான் அது உண்மை பேசிற்று.

மறுநாள் உறையூரிலுள்ள தம்பி வீட்டுக்குச் சென்றேன். பலகையில் எதிரெதிரே நிற்கும் ராஜாக்களில் முதலில் நகர்பவன் இடம் இழப்பான். உறவில் அப்படியில்லை என்பதை வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். “தம்பி, முதல் பிழை என்னுடையது” என்றேன். “உள்ளே வாருங்கள், காக்கா” என்றான். அனைத்தும் அன்றே சீராகிவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் இப்போது இருவர் பெயரும் இருக்கின்றன. பெருநாளன்று இரு வீட்டாரும் ஒரே சஹனில் அமர்ந்து உண்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஆட்டத்தில் என் முன்னேற்றம் யாதெனக் கேட்கிறீர்களா? பெரியவர் யானைக்குப் பதில் குதிரையை விட்டுக்கொடுத்தார்; இப்போது ஒரு சிப்பாயை மட்டும் விட்டுக்கொடுக்கிறார். அப்படியும் பெரும்பாலும் நானே தோற்கிறேன். பேரனோ எட்டாத தூரம் போய்விட்டான். ஞாயிறுதோறும் குறிப்பேட்டுடன் நான் பேருந்து ஏறும்போது என் மனைவி இப்போது குறைபடுவதில்லை. “இன்று என்ன பிழை கண்டுபிடித்தீர்கள்?” என்று மட்டும் திரும்பியதும் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் எழுதப்படாத ஓர் ஆட்டம் இருக்கக்கூடும். ஒரு தாளை எடுத்து அதை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள்.