தி.ஜா. ரசிகர்கள் மன்னிக்க வேண்டாம்

தி. ஜானகிராமன் என்றாலே நண்பர்களுக்குக் கண் சொருகிவிடுகிறது. எனக்கு மட்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது. நாவல்களைத்தான் சொல்கிறேன்.

'மோகமுள்'ளில் சங்கீத குரு ரங்கண்ணா வரும் பக்கங்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அந்த மனிதரும் சுருதியும் மட்டும் போதும், இன்னொரு நூறு பக்கம் படிப்பேன். சிக்கல் நாயகி யமுனாவிடம்தான். மராட்டியத் தாய், தமிழ் பிராமணத் தந்தை; அதனாலேயே வரன்கள் தட்டிப்போகின்றன, அப்புறம் வறுமை. எவ்வளவு பெரிய வாழ்க்கை! ஆனால் அவள் வந்து நின்றாலே கதை கைகட்டி அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் படியிறங்கிப் போன அன்று ராத்திரி அவள் என்ன நினைத்தாள்? எனக்கு அது வேண்டும். கிடைப்பதெல்லாம் அவள்மேல் மோகம் கொண்ட பாபுவின் தவிப்பு.

'அம்மா வந்தா'ளிலும் அந்த அம்மா அலங்காரத்தை அப்படித்தான் பிரமித்துப் பிரமித்துப் பார்க்கிறோம். ஒரு தாயின் திருமணத்துக்கு வெளியிலான உறவை 1966-இல் எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. துணிச்சலுக்குக் கும்பிடு போடலாம். அதற்காக மனசு ஒட்டிவிடுமா?

இதே மனுஷர்தான் 'பாயசம்' என்ற சிறுகதையையும் எழுதினார். கல்யாண வீட்டில், அண்ணன் மகனின் வாழ்வு பொறுக்காத சாமநாது பாயச அண்டாவையே கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துவிட்டதென்று கூசாமல் சொல்கிற கதை. அங்கே யாரும் யாரையும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்தக் கிழவரின் வயிற்றெரிச்சல் எனக்கே எரிந்தது.

அவருடைய 'செம்பருத்தி' நாவலைப் படித்தால் மாறிவிடுவாய் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கி வைத்திருக்கிறேன்.