சொல்லாமல் விட்ட செய்தி

என் அண்ணனுக்கு வாசிப்பதில் தனிப் பெருமிதம் உண்டு. ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசிப்பார். 2014-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று அவ்வாறே வாசித்துவிட்டுத் திரும்பியவர், பீடத்தின் படியைக் காணாமல் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 68. பொடி எழுத்துத் தெரிந்த கண்ணுக்குப் படி தெரியவில்லையே என்று எல்லாரும் வியந்தனர். நான் வியக்கவில்லை, என் நெஞ்சு திடுக்கிட்டது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக ஒரு கண் மருத்துவரிடம் சென்றிருந்தேன். எனக்கு வலியோ எரிச்சலோ இருந்ததில்லை. அவர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து, கண்ணின் உட்புறத்தை நெடுநேரம் நோக்கினார். பின்னர் ஒரு கருவியின் முன் என்னை அமர்த்தி, ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். முடிவில், “உங்களுக்குக் கண் நீர் அழுத்த நோய் தொடங்கியிருக்கிறது, கிளாக்கோமா என்பார்கள்” என்றார்.

அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, சல்லடை போன்ற நுண்ணிய திசுவின் வழியே வடிகிறது. இது நாம் அழும்போது வழியும் கண்ணீர் அன்று. வடிகால் தூர்ந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வழக்கமான அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. அது மிகும்போது, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. சிலருக்கு அழுத்தம் வழக்கமான அளவில் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே அழுத்தத்தை அளப்பது மட்டும் போதாது. நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்தாக வேண்டும்.

வடிகால் திடீரென அடைபடும் ஒருவகையில் கடும் வலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். மற்றபடி இந்நோய் பெரும்பாலும் ஓசையின்றியே வருகிறது. பக்கப் பார்வை முதலில் தேய்கிறது. நேர்ப் பார்வை நெடுங்காலம் நிற்கிறது. ஒரு கண் இழப்பதை மறுகண் ஈடுசெய்வதால் இழப்பும் தெரிவதில்லை. கண்புரையை அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இந்நோயில் போன பார்வை போனதுதான். மருந்தும் அறுவையும் எஞ்சியதையே காக்கும்.

“நாற்பது வயது கடந்தவர்கள், கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் பயன்படுத்துவோர் கவனமாக இருக்க வேண்டும். எல்லாரையும்விட நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உடனே சொல்லிவிடுங்கள்” என்றார் மருத்துவர்.

நான் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘குடும்பத்திலேயே கண் நோய்’ என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் கெடுமே என்று அஞ்சினேன். திருமணம் இனிதே முடிந்தது. அதன் பிறகும் சொல்லவில்லை. அவர்தாம் நன்றாக வாசிக்கிறாரே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் விழுந்த பின் சோதித்தபோது, இரு கண்களிலும் நரம்பின் பெரும்பகுதி பழுதடைந்திருந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அனைத்தையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “தங்கச்சிக்குச் சொன்னாயா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே தங்கையிடம் சொன்னேன். அண்ணன் மகளிடமும் சொன்னேன். எவளுடைய திருமணத்தை எண்ணி மறைத்தேனோ, அவளுமன்றோ இந்நோய் வரக்கூடியவர்களுள் ஒருத்தி! இருவருக்கும் நோய் இல்லை. ஆண்டுதோறும் சோதித்துக்கொள்கிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர், தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. பெரும்பாலோர் அதை அறியாதிருந்தனர். நம் ஆலயத்தில் அந்த வயதினர் இருநூறு பேர் கூடினால், இக்கணக்கின்படி ஐவருக்கு இருக்கக்கூடும். அவர்களும் பாட்டுப் புத்தகத்தைத் தெளிவாகவே வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

நோய் தன் வருகையை அறிவிக்காது. அறிந்தவர் அறிவிக்கலாம். நான் அதைச் செய்யத் தவறினேன். இதை வாசிப்பவர்கள் தவற வேண்டாம்.

அண்ணன் இப்போது வாசகம் வாசிப்பதில்லை. எஞ்சிய பார்வையைச் சொட்டு மருந்தால் காத்துவருகிறார். இரவு ஒன்பது மணி எங்கள் இருவருக்கும் மருந்து வேளை. நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, மருந்து போட்டாயா?” என்று கேட்பவர் அவர்தாம்.