ஏற்றதொரு மாற்று

எங்கள் வீட்டு முற்றத்தில் 1978ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிமியர் பத்மினி கார் ஒன்று நிற்கிறது. பெயர் பத்மினி என்றாலும் எங்கள் தந்தையார் இறுதிவரை அதனை 'ஃபியட்' என்றே அழைத்தார். இத்தாலிய நாட்டு ஃபியட் 1100 காரின் அச்சில், பம்பாய் குர்லா ஆலையில் உருவான வண்டி அது. மும்பை நகரில் டாக்சியாக ஓடிய இவ்வகைக் கார்களில் கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் சாலையிலிருந்து விடைபெற்றுவிட்டது. எங்கள் திருச்சி வீட்டு வண்டி மட்டும் எப்படியோ உயிர் பிழைத்து நிற்கிறது.

தந்தையார் பள்ளித் தலைமை ஆசிரியர். அந்நாளில் எங்கள் பங்கில் சொந்தக் கார் வைத்திருந்தோர் இருவரோ மூவரோதான். நள்ளிரவில் கதவு தட்டப்படும். நற்கருணையையும் திரு எண்ணெயையும் ஏந்தியவராய்ப் பங்குத் தந்தை வாசலில் நிற்பார். தந்தையார் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபேச்சின்றி வண்டியை எடுப்பார். மழைக்கால இரவுகளிலும் அந்த வண்டி முதல் உதையிலேயே உறுமிக் கிளம்பியதை நானும் அண்ணனும் திண்ணையில் நின்று பார்த்திருக்கிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். பாகப் பிரிவினையின்போது கார் எனக்கு வந்தது. அவருடைய இரும்புக் கருவிப் பெட்டியை அண்ணன் கேட்டு எடுத்துக்கொண்டார். வீட்டைப் பற்றிய பேச்சு முற்றியபோது, உறவினர் பலர் முன்னிலையில் நான் ஒரு சொல் சொன்னேன்: "அப்பா படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் எட்டிப் பார்க்காதவருக்குப் பங்கு மட்டும் எதற்கு?" அண்ணன் பதில் பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனவர்தாம். அதன்பின் எங்களிடையே கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

2025ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த என் தாயார் ஓர் ஆசை சொன்னார். "கல்லறைத் திருநாளுக்கு உங்க அப்பாகிட்ட அவரோட வண்டியிலயே போகணும்டா." ஆனால் வண்டி கிளம்ப மறுத்தது. தந்தையார் தம் கடைசிக் காலத்தில் மாற்றிப் பொருத்தியிருந்த கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியில் விரிசல் விட்டுப் பெட்ரோல் கசிந்தது. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய காலத்து ரப்பர் உறுப்புகளும் உப்பிச் சிதைந்திருந்தன. "மாற்றிவிடுங்கள், இது தேறாது" என்றார்கள். அன்று தொடங்கியது என் தேடல்.

கார்புரேட்டரின் வேலை எளிதாகத் தோன்றும், ஆனால் நுட்பமானது. எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் குறுகிய கழுத்து வழியே செல்கையில் வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவினால், மிதவைத் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் 'ஜெட்' எனும் நுண்துளை வழியே மேலெழுந்து, துளிகளாய்ச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. காற்று மிகுந்தால் எஞ்சின் விக்கி நின்றுவிடும்.

இந்தக் குறுகிய கழுத்தைப் பட்டறைகளில் 'வென்சுரி' என்பார்கள். அது ஒரு கத்தோலிக்கக் குருவின் பெயர் என்பது நம் வாசகர்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியாவுக்கு அருகில் பிபியானோ என்னும் ஊரில் 1746இல் பிறந்த ஜொவான்னி பத்திஸ்தா வெந்தூரி, 1769இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். பின்னர் மோதெனாவில் பேராசிரியராகப் பணியாற்றியவர். குழாய்களில் ஓடும் நீரைக் குறித்த தம் ஆய்வுகளை 1797இல் பாரிசில் வெளியிட்டார். அன்று மோட்டார் வண்டி என்ற ஒன்றே உலகில் இல்லை. அந்தக் குருவின் பெயரைத் தாங்கிய கழுத்தின் வழியேதான், நோயாளிகளைத் தேடிச் சென்ற எங்கள் வண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இரவு ரயிலேறிச் சென்னை எழும்பூரில் இறங்கி, அருகிலுள்ள புதுப்பேட்டைக்கு நடந்தேன். பழைய வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்திருக்கும் சந்துகள் அவை. எங்கள் வண்டிக்குரிய சோலெக்ஸ் கார்புரேட்டர் நல்ல நிலையில் கிடைக்கவில்லை. பெரிய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய கார்புரேட்டரைக் கண்டேன். பெரியதாயின் ஆற்றலும் பெரிதாகத்தானே இருக்கும் என்று என் அறிவு சொல்லிற்று. வாங்கி வந்தேன். அடித்தளத் துளைகள் ஒத்துவரவில்லை. அலுமினியத் தகட்டில் இணைப்புத் தட்டு ஒன்று செய்து பொருத்தினோம். எஞ்சின் கிளம்பியது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் திக்கித் திணறியது. மேடு ஏறுகையில் முற்றிலும் நின்றுபோனது.

அடுத்து, 796 சி.சி. கொண்ட சிறிய கார் ஒன்றின் கார்புரேட்டரை வாங்கினேன். இப்போது வண்டி நின்ற இடத்தில் அழகாக ஓடியது. நெடுஞ்சாலையில் வேகம் கூட்டியதும் மூச்சு வாங்கியது. கைப்பணம் கரைந்ததோடு அக்டோபரும் பாதி கழிந்தது.

இறுதியில், தந்தையாரின் காலத்திலிருந்தே எங்கள் வண்டியைப் பார்த்துவரும் பாயிடம் போனேன். அவருக்கும் எழுபது வயதிருக்கும். நான் வாங்கிக் குவித்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், பெருசு சின்னதுன்னு தேடாதீங்க. கழுத்து அகலமா இருந்தா மெதுவா போறப்ப காத்துக்கு வேகம் வராது, பெட்ரோலை இழுக்காது. கழுத்து குறுகலா இருந்தா வேகமா போறப்ப மூச்சு பத்தாது. இந்த எஞ்சின் 1,089 சி.சி. இதோட மூச்சுக்கு எது அளவோ அதான் வேணும். வாத்தியார் ஐயா முதல்ல கழட்டினாரே, கம்பெனி கார்புரேட்டர், அது எங்கே? அதோட கழுத்துலயும் ஜெட்டுலயும் நம்பர் அடிச்சிருக்கும்."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. தந்தையார் எதையும் எறிகிறவர் அல்லர். அது அந்த இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், பெட்டியோ திண்டுக்கல்லில்.

மூன்று நாள்கள் தள்ளிப்போட்டேன். வேறு ஊர்களில் விசாரித்தேன். உண்மையைச் சொன்னால், ஓர் உலோகத் துண்டுக்காக அண்ணன் வாசலில் போய் நிற்பதா என்ற வீம்புதான் காரணம். ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுக்கும் நேரத்தில், பீடத்தின் முன் காணிக்கையை விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளை நெஞ்சில் தைத்தது. கையிலிருந்த நோட்டைப் போடவும் முடியவில்லை. பையில் வைக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் அண்ணி. "வாங்க தம்பி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஏழு ஆண்டுகளில் மிகவும் மெலிந்திருந்தார். கார்புரேட்டரைப் பற்றிப் பேசத்தான் வாய் திறந்தேன். வந்த சொல் வேறாக இருந்தது.

"அண்ணா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீ சொன்னதுல பாதி உண்மைடா. அதனாலதான் தாங்க முடியல."

பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். ஸ்பானர்களுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில், கரும்பலகையில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து: 'ஸ்பிண்டில் தேய்மானம். புஷ் போட வேண்டும்.' இருவரும் அந்த அட்டையை மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். பெட்டியில் இருந்த எதனையும் அண்ணன் இத்தனை ஆண்டுகளில் தொட்டிருக்கவில்லை.

அதைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். கழுத்தில் இரண்டு இலக்க எண்ணும் ஜெட்டில் மூன்று இலக்க எண்ணும் தெளிவாக இருந்தன. "இனி மாத்து எதுக்கு? இதையே சரி பண்ணலாம்" என்றார். திராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் ஆடி ஆடி, அது நுழையும் துளைகள் தேய்ந்து அகன்றிருந்தன. அந்த இடுக்கின் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்ததால்தான் எஞ்சின் அந்நாளில் நிலையின்றித் துடித்திருக்கிறது. லேத் பட்டறையில் துளைகளைச் சீராகக் கடைந்து, பித்தளை புஷ் இரண்டை இறுக்கிப் பொருத்தினார்கள். எத்தனாலைத் தாங்கக்கூடிய புதிய டயாஃப்ரம், புதிய நீடில் வால்வு, புதிய கேஸ்கெட் ஆகியவை மாட்டப்பட்டன. ஜெட்டுகள் பழையவையே. செலவு, புதுப்பேட்டையில் நான் வீணாக்கியதில் பாதிகூட இல்லை.

நவம்பர் 2ஆம் நாள் காலை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தாயார் பின் இருக்கையில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். அண்ணன் முன்னால் என் பக்கத்தில். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் முயற்சியில் கிளம்பவில்லை. "கொஞ்சம் பொறு, அப்பா மெதுவாத்தான் இழுப்பார்" என்று அண்ணன் கையை நீட்டிச் சோக்கைச் சற்றே உள்ளே தள்ளினார். இரண்டாம் முறை எஞ்சின் உயிர்பெற்றது.

வீட்டுப் பங்கு பற்றிய சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைப் பேசித் தீர்க்க வேண்டும்; தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை மட்டும் இப்போது இருக்கிறது. உடைந்ததற்கெல்லாம் வெளியில் மாற்றுத் தேடி அலைகிறோம். பெரியதை நாடுகிறோம், பிறகு சிறியதை நாடுகிறோம். நமக்கு ஏற்ற அளவு எதுவென்பது பல நேரங்களில் நாமே தூரத் தள்ளிவைத்த ஒரு வீட்டின் பரணில் இருக்கிறது. அதை எடுக்க அந்த வாசலில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி மன்றாட்டு முடிந்ததும் தாயார் கல்லறைக் கல்லைத் தடவியபடி சொன்னார்: "உங்க வண்டியிலதான் வந்திருக்கோம், ரெண்டு பேரும்தான் கூட்டிட்டு வந்தானுங்க."