பின்பாரம்

பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பியது எனக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற அம்மாதான் பார்த்தார். "டேய், வண்டி குனியுதுடா!" என்று அவர் கத்தியபோது நான் இன்னும் லீவரை இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். முன்னால் ஃபோர்க்கில் ஒரு பேலட், அதன்மேல் 10 மூட்டை உரம், மூட்டைக்கு 50 கிலோ. பேலட் தரையிலிருந்து அரைச் சாண்கூட எழவில்லை. எழுந்தது என் இருக்கை.

மெல்ல இறக்கினேன். பின்டயர்கள் மண்ணில் பட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூட்டை சரிந்து, ஒன்று கிழிந்து, சிவப்பு பொட்டாஷ் சேற்றில் கொட்டியது. ஜொகூரில் எங்கள் செடெனாக்கின் செம்மண்ணில் விழுந்ததால் எது உரம், எது மண் என்று பிரிக்க முடியவில்லை.

எங்கள் நாற்றுப்பண்ணை பெரியதல்ல. செம்பனைக் காட்டின் ஓரத்தில், நெடுஞ்சாலை இரைச்சல் காதில் விழும் தூரத்தில், வாடகை நிலம். ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினேன், 25 குதிரைத்திறன். அதற்கு முன்கையும் ஒரு ஜோடி ஃபோர்க்கும் சேர்த்துத்தான் பேரம். மூட்டை, பூந்தொட்டி, சிமெண்ட் கல், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் இடுப்பு ஒடியத் தூக்கிய காலம் முடிந்தது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. கையேட்டில் முன்கை 500 கிலோ தூக்கும் என்று போட்டிருந்தது. 10 மூட்டை, 500 கிலோ. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

கணக்கு சரி, இடம்தான் தப்பு. மறுநாள் வந்து பார்த்த மாமா அதைத்தான் சொன்னார். சொந்த மாமா அல்ல. தோட்டத்தில் நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர், பக்கத்துத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் மாமா. ஃபோர்க்கின் நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவி, அது முன்கையோடு சேரும் ஆணியில் நிறுத்தி, "புக்குல போட்டிருக்கறது இந்த ஆணிகிட்ட தூக்குற வெயிட்டு தம்பி. உன் மூட்ட எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மூட்டைகளின் நடுப்பகுதி ஆணியிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே முன்னால் தள்ளி இருந்தது. பேலட் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். பாரத்தின் மையம் அதன் நடுவில். ஃபோர்க் தன் பங்குக்கு நூறு கிலோ இருக்கும். முன்அச்சிலிருந்து அளந்தால் பாரம் ஒன்றரை மீட்டர் தள்ளி. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர். 500 கிலோவை ஒன்றரையால் பெருக்கி 1.6 ஆல் வகுத்தால், பின்சக்கரங்களின் மேலிருந்து ஏறக்குறைய 470 கிலோவை அந்த மூட்டைகள் பிடுங்கிக்கொள்கின்றன. ஒரு டன்கூடத் தேறாத வண்டியில் பின்னால் இருப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான். முன்சக்கரம் தராசின் நடுப்புள்ளியாகிவிட்டது. எண்ணெய் அழுத்தத்துக்குத் தூக்கும் வலு இருந்தது; எடையில்லாமல் போனது வண்டியின் பின்புறத்துக்கு.

பின்புறம் லேசானால் குனிவது மட்டும் ஆபத்தல்ல என்பதை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிராக்டரின் முன்அச்சு ஒற்றை ஆணியில் ஆடுகிறது, மேடுபள்ளத்துக்கு ஏற்ப. ஆகவே நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி உண்மையில் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: பின்சக்கரம் இரண்டு, நடுவில் அந்த ஆணி. பின்சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் மிச்சம் ஒரே புள்ளி. ஒரு காலை ஊன்றி நிற்கும் கொக்கு மாதிரி. பக்கவாட்டில் சாய ஒரு சின்னப் பள்ளம் போதும். இன்னொன்று, என் வண்டியில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் தரையில் இல்லாமல் சரிவில் இறங்கினால் பிரேக்கை மிதிப்பதும் தரையை மிதிப்பதும் ஒன்று. "பாரத்தோட இறங்கும்போது நாலு வீலையும் போட்டுக்க. பாரத்த தரையோட ஒட்டிக் கொண்டு போ. தலைக்கு மேல தூக்கிட்டு ஊர்வலம் போகாத" என்றார் மாமா. அப்புறம் இருக்கைக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்த, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, அதை நிமிர்த்திப் பூட்டும்வரை பேச்சைத் தொடரவில்லை.

மருந்து பின்பாரம். இந்தச் சொல்லை வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன். மாட்டுவண்டி காலத்துச் சொல். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும்; வண்டி ஓட்டுபவன் மூட்டையை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்திச் சரிபண்ணுவான். டிராக்டருக்கும் அதே சங்கதிதான். மாடு இல்லை என்பதால் நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரு பழைய எண்ணெய்த் தோங் கொண்டுவந்தோம், 200 லிட்டர் பிடிப்பது. குறுக்கே ஒரு இரும்புத் தண்டும் மேலே ஒரு கொக்கியும் வைத்து, முக்கால் அளவுக்குக் கான்கிரீட் ஊற்றினோம். ஒரு லிட்டர் கான்கிரீட் சுமார் 2.4 கிலோ. 150 லிட்டருக்கு 360 கிலோ. இதை வண்டியின் பின்னால் உள்ள மூன்று இணைப்புக் கைகளில் மாட்டினால், அது தன் எடையை மட்டும் பின்சக்கரத்துக்குத் தருவதில்லை. பின்அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன்அச்சின் மேலிருந்து இருநூறு கிலோவரை எடுத்துப் பின்னால் போடுகிறது. 360 கிலோ தோங், 560 கிலோ வேலை பார்க்கிறது. கந்துவட்டிக்காரன் கணக்கு மாதிரி தோன்றும். ஆனால் நேர்மையான கணக்கு.

பின்டயர்களில் தண்ணீரும் நிரப்பினோம், முக்கால் உயரத்துக்கு. குளிர்நாடுகளில் இதற்கு உப்பு கலந்த நீர் வேண்டும், இல்லாவிட்டால் டயருக்குள் உறைந்துபோகும். ஜொகூரில் வாய்க்கால் தண்ணீரே போதும். இந்த வெப்பத்தைத் திட்டாத நாளில்லை, அன்று மட்டும் நன்றி சொன்னேன்.

தோங்கை மாட்டும் அந்த மூன்று கைகளும் ஒரு அயர்லாந்துக்காரர் கொடுத்தவை. ஹாரி ஃபெர்குசன். அந்தக் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் சும்மா இழுத்துப் போவார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டியவன் மேலேயே விழும். கலப்பையை மூன்று முனைகளில் வண்டியோடு பிணைத்து, மண்ணின் இழுப்பையே டயருக்கு அழுத்தமாக மாற்றினார் ஃபெர்குசன். 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி ஒப்பந்தம், 1939இல் அந்த அமைப்போடு ஃபோர்டின் 9என் டிராக்டர் சந்தைக்கு வந்தது. என் வண்டி முன்னால் குனிந்தது, அவர் காலத்து வண்டிகள் பின்னால் மல்லாந்தன. இரண்டுக்கும் வைத்தியம் பின்னால்தான் இருக்கிறது.

தோங் காய்ந்துகொண்டிருந்த ஒரு வாரமும் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு மாலையில், "இது காண்டாதானே?" என்றார்.

ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நடும்வரை அம்மா பால்மரம் வெட்டியவர். நண்பகலுக்கு முன் பாலைச் சேகரித்து, இரண்டு வாளியையும் காண்டாக் கம்பின் இரண்டு முனையில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாகப் பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். ஒரு வாளி நிறைந்து மற்றது குறைந்திருந்தால் பாலை ஊற்றிச் சமமாக்க நேரமிருக்காது. நிறைந்த வாளிப் பக்கமாகத் தோளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்களாம். கம்பு தானாகக் கிடையாக நிற்கும். நான் கால்குலேட்டரில் தட்டியதை அம்மா கழுத்தெலும்பில் தட்டியிருக்கிறார். அந்த எலும்பின்மேல் ஒரு மேடு இருக்கிறது, இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

காண்டாவுக்கு மலாயில் கண்டார் என்று பெயர். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதுதான் நாசி கண்டார். சோறு தீருவதற்கு முன் கறி தீர்ந்துவிட்டால் கம்பு எப்படிச் சாய்ந்திருக்கும் என்று சாப்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

தூக்குவது என்றாலே கைவலு என்று நினைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கும் உண்டு. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் பாடாங் என்றொரு பலசாலி வருவான். காடு வெட்டும் அடிமை. ஜொகூரின் சாயோங் பக்கத்தவன் என்பார்கள், அப்படியானால் எங்களுக்கு அக்கம்பக்கத்துக்காரன்தான். அவனோடு மோதிப் பார்க்கக் கலிங்கத்து அரசன் ஒரு மல்லனை அனுப்புகிறான், பந்தயம் ஏழு கப்பல். அரண்மனை முன்னிருந்த பாறையை அந்த மல்லனால் முழங்கால்வரைதான் தூக்க முடிந்தது. பாடாங்கோ தூக்கிச் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எறிந்தானாம். அந்த முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1843இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு துண்டு இன்று சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதையில் தோற்றவன் நம் கரையிலிருந்து போனவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் முழங்காலோடு நிறுத்திக் கீழே விட்டானே, அந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது.

போன மாதம் மாமா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய தோட்டத்துக் கோயில் இருந்த இடம் கைமாறிவிட்டது, சாமியை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். சூலம், மணி, விளக்கு, நாகர் சிலை எல்லாம் ஆள் தூக்கிவிடலாம். பலிபீடத்தின் அடிக்கல் மட்டும் கருங்கல். "நம்ம தம்பி வண்டி இருக்கே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 60 சென்டிமீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு 2.7 டன். பெருக்கினால் ஏறக்குறைய 580 கிலோ. தோங் மாட்டியிருந்தாலும் டயரில் தண்ணீர் இருந்தாலும் அது என் வண்டி தூக்கும் கல்லில்லை. பின்பாரம் வண்டியைக் கவிழாமல் காக்கும். முன்கையின் வலுவைக் கூட்டாது. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். கூட வந்தவர்களில் ஒருவருக்குக் கோபம்: "சாமி காரியம் தம்பி, கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாக்கலாமே."

"முயற்சி பண்ணிட்டான், அவங்க அம்மாவ கேளு" என்றார் மாமா.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிரேன் வைத்த லோரி வந்தது. நானும் என் டிராக்டரை ஓட்டிப் போனேன். கழற்றிய ஓடுகளைப் பேலட்டில் அடுக்கி, தரையோடு ஒட்டி, ஆறு நடை கொண்டுபோய்ப் புது இடத்தில் இறக்கினேன். அம்மா குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஒவ்வொரு நடையிலும் அவர் கண் ஓட்டின்மேல் இல்லை, பின்சக்கரத்தின்மேல் இருந்தது.