கதியாலும் காற்றும்

வைகாசி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சோளகம் வீசத் தொடங்கிவிடும். கடலிலிருந்து எழுந்து வரும் அக்காற்றை மறிக்க இங்கு மலையும் இல்லை, மேடும் இல்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின்மீது அது நேரே பாய்கின்றது. வாழை இலைகளை நாராகக் கிழிக்கின்றது. காலையில் இறைத்த நீரை மாலைக்குள் மண்ணிலிருந்து உறிஞ்சிவிடுகின்றது. ஆறில்லாத இந்நாட்டில் கமக்காரனுக்குக் கிணறு ஒன்றே கதி; காற்றைத் தணித்தால் அந்தக் கிணற்று நீரிலும் ஒரு பங்கு மிஞ்சும்.

இவ்வுண்மையை எமது மூதாதையர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். மாரி தொடங்கும்போது கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை வெட்டிக் கதியாலாக ஊன்றுவார்கள். சில மாதங்களில் அவை வேர்விட்டுத் தழைத்து உயிர்வேலியாகிவிடும். எல்லையில் பனைகள், அவற்றின் அடியில் வடலிகள். வேலியின் குழை தோட்டத்துக்குப் பசளையாகவும் ஆட்டுக்குத் தீனாகவும் பயன்பட்டது. காற்றுக்காகவே இவற்றை நட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. எல்லை காப்பதும் மறைப்பும்தான் முதல் நோக்கங்கள். காற்றுத் தணிந்தது கூடவே கிடைத்த நன்மை. அந்த வேலியைப் பாடிப் பரவவும் நாம் முன்வரவில்லை. அதற்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நட்டு, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களும் இருந்தன.

போர்க்காலத்தில் பனைகள் பதுங்குகுழிகளுக்காகக் கணக்கின்றி வெட்டப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊர்களை விட்டு வெளியேறினர். திரும்பி வந்தவர்கள் கண்ட காணிகள் பலவற்றில் வேலி இல்லை. வசதி படைத்தவர்கள் சீமெந்து மதில் எழுப்பினர். மதில்தான் இன்று கௌரவத்தின் அடையாளம். ஆனால் காற்றை மதில் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதைச் சென்ற ஆண்டுச் சோளகத்தில் மாணவருடன் சோதித்துப் பார்த்தோம். தடிகளில் காகித நாடாக்களைக் கட்டி, ஒரு மதிலின் பின்னாலும் ஒரு பூவரசு வேலியின் பின்னாலும் வரிசையாக நிறுத்தினோம். மதிலை ஒட்டிய நாடாக்கள் துவண்டு கிடந்தன. சற்றுத் தள்ளி நின்றவையோ சுழன்று சுழன்று அடித்துக்கொண்டன. வேலியின் பின்னே நெடுந்தூரம்வரை நாடாக்கள் மெல்ல அசைந்தனவேயன்றி ஒன்றும் சுழலவில்லை. முழுதாக மறிக்கப்பட்ட காற்று மதிலின் மேலால் தாவி அப்பால் சுழலாக விழுகின்றது. ஏறக்குறையப் பாதி காற்றை ஊடுருவவிடும் மரவரிசை அதன் வேகத்தைக் குறைத்து அனுப்புகின்றது. அதன் பயன் மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்கும் அப்பால் செல்லும். நாம் தமிழ் கற்பிப்பவர். இந்த விளக்கம் எமது பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் தந்தது.

இதன் பின்னர்தான் ஊர் வாசிகசாலையில் ஒரு கூட்டம் கூடியது. தோட்டவெளியின் தென்மேற்கு ஓரத்தில் மரவரிசை ஒன்றை அமைப்பதென்றும், அதற்கான கன்றுகளை ஓர் அலுவலகம் இலவசமாகத் தருமென்றும் தெரிவிக்கப்பட்டது. கன்றுகள் அனைத்தும் சவுக்கு. சவுக்கை நாம் குறைவாக மதிப்பவரல்லர். மணற்காட்டில் மணற்குன்றுகளை அடக்கி நிற்கும் சவுக்குத் தோப்பைப் பலமுறை கண்டிருக்கின்றோம். உப்புக்காற்றை அது தாங்கும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைதரசனைப் பெற்று வெறும் மணலிலும் வளரும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரங்களில் அதை நடும் ஆர்வம் பெருகியதில் வியப்பில்லை. ஆயினும் கடற்கரை வேறு, தோட்டவெளி வேறு. சவுக்கை அடியோடு வெட்டினால் நன்றாகத் துளிர்ப்பதில்லை. அதன் சருகு மூடிய நிலத்தில் வேறொன்றும் எளிதில் முளைப்பதுமில்லை.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துச் சொல்லுமுன்பே பின்வரிசையிலிருந்த ஒரு முதியவள் எழுந்தாள். கூலிக்கு வெங்காயம் நடுபவள்.

“மாஸ்ரர் தம்பி, ஆடு கடியாத மரத்தை நட்டுப்போட்டு நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? எனக்கு ஒரு பரப்புக் காணியும் இல்லை. வேலிக் குழைதான் என்ரை ஆட்டுக்குச் சாப்பாடு.”

இளைஞர் ஒருவர், எமது முன்னாள் மாணவர், விஞ்ஞானம் அறிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டிய விடயத்தில் ஆட்டை இழுப்பதேன் என்று சிரித்தார். அவர் எம்மைப்போல இடதுசாரிச் சிந்தனை உடையவர். ஆதலால் சோவியத்து நாட்டு அனுபவம் ஒன்றை அவருக்குச் சொன்னோம். 1891இன் கொடிய வறட்சிக்குப் பின்னர் தொக்குச்சாயெவ் என்ற மண்ணியல் அறிஞர் கமென்னயா புல்வெளியில் மண்ணையும் நீரையும் ஆராய்ந்து 1892 முதல் நடுவித்த மரவரிசைகள் இன்றும் நிற்கின்றன. 1948 ஒக்டோபரில் ஸ்ராலின் ஆட்சி அறிவித்த பெருந்திட்டமோ பல்லாயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு மரவரிசைகளை அமைக்க முற்பட்டது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் ஓரின மரங்கள் தம்முள் போட்டியிடா என்று லைசென்கோ வகுத்த கொள்கைப்படி ஓக் விதைகளைக் கும்பல் கும்பலாக விதைக்கும்படி கட்டளை பிறந்தது. அவ்வாறு விதைத்தவற்றுள் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. 1953இல் ஸ்ராலின் மறைந்ததும் திட்டமும் கைவிடப்பட்டது. நிலத்தில் வாழ்பவனின் வாயை அடைத்து நடந்த அந்தக் காரியத்தை விஞ்ஞானம் என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

வறட்சியைத் தாங்கும் என்பது மட்டும் ஒரு மரத்துக்குத் தகுதியாகிவிடாது. உவர்நிலத்துக்கு ஏற்றதென அம்பாந்தோட்டையில் 1950களில் கொண்டுவந்து நடப்பட்ட சீமைக்கருவேல் இன்று புந்தல தேசிய பூங்காவை நெருக்கிப் பரவி நிற்கின்றது. அது எதையும் தாங்கும்; தன்னைத் தவிர எதையும் வாழவிடாது. ஒரே இனத்தை நம்புவதும் ஆபத்து. இப்பிலிப்பில் மரத்தை அற்புதமெனக் கொண்டாடியிருந்த ஆசிய நாடுகளில் 1980களில் ஒரு சிறு பூச்சி பரவி, அம்மரங்களை இலையின்றி நிறுத்திவிட்டது.

அன்றிரவு வெகுநேரம் பேசினோம். பனை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பனையின் தலை உயர்ந்துவிட்டால் கீழே வெளி திறந்துகொள்ளும். அந்த இடுக்கால் காற்று முன்னிலும் விரைந்து பாயும். பனை உயர மனித ஆயுளில் ஒரு பங்கும் கழிந்துவிடும். ஆகவே இடையில் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாக நிற்கட்டும் என்றனர். வெட்ட வெட்டத் தழைப்பவை, குழை தருபவை. அப்படியானால் ஊராடுகள் கன்றுகளை முடித்துவிடுமே என்ற கேள்வி எழுந்தது. அதற்கும் அம்முதியவளே விடை சொன்னாள். காற்றுப் பக்கத்து முதல் நிரையாக ஆடாதோடையையும் நொச்சியையும் நெருக்கி நட வேண்டுமாம். ஆடாதோடையை ஆடு தொடாது. பெயரையே ஆராய்ந்து கற்பித்துவந்த எமக்கு அதன் உபயோகம் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிற்று.

மரத்தைத் தெரிவது இவ்வாறு முடிந்தது. நிலத்தைத் தெரிவதில்தான் சிக்கல். மரவரிசையை ஒட்டிய சில முழ நிலத்தில் வேரும் நிழலும் பயிரை நலிவிக்கும். அந்த நட்டம் காணிக்காரனுடையது. காற்றுத் தணிந்த நன்மையோ அப்பாலுள்ள இருபது முப்பது தோட்டங்களுக்குப் போகும். இரண்டு பரப்பில் மிளகாய் நடுபவன் ஒரு நிரையை இழந்தால் அவனுடைய அடுப்பு அதை உணரும். ஆதலால் நட்டத்தை எல்லாரும் பங்கிட வேண்டுமென்றும், மரவரிசைக்கு இடம் விட்டவனுக்கு மற்றவர்கள் இறைப்பிலோ அறுவடையிலோ கைகொடுக்க வேண்டுமென்றும், குழையில் காணியில்லாதவர்களுக்கும் பங்கு உண்டென்றும் எழுதிக் கையொப்பமிட்டோம். பதினொரு பேர் ஒப்பமிட்டனர்.

தென்மேற்கு மூலையில் ஊரிலேயே பெரிய காணி உடையவர் இன்னும் ஒப்பமிடவில்லை. அவருடைய காணி நடுவில் விடுபட்டால் வரிசையில் அந்த இடம் வாய்போலத் திறந்து நிற்கும். காற்று அதனூடே குவிந்து பாயும். அவர் மதில் கட்டுவதற்கு மண் பறித்திருக்கின்றார். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று கிழமைகள் உண்டு. கதியால்கள் வெட்டுவதற்கான பூவரசுகளைக் குறித்துவைத்தாயிற்று. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அந்த முதியவளையும் அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்திருக்கின்றோம்.