சூட்டில் ஏறிய காற்று

மதியத்தில் ஓடி வந்து நிற்கும் லாரியின் டயரில் நான் காற்றை இறக்குவதில்லை. "அண்ணே, 127 காட்டுது, கொஞ்சம் எறக்கி விடுங்க" என்று டிரைவர்கள் கேட்பார்கள். "காலைல 110 வெச்சதுதானே? ஆறட்டும், தானா எறங்கும்" என்பேன். சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவதுண்டு.

கணக்கு இதுதான். டயருக்குள் கம்பி வலை இறுக்கிப் பிடித்திருப்பதால் காற்று விரிய இடமில்லை; சூடு முழுக்க அழுத்தமாகவே ஏறும். அடைபட்ட காற்றின் இந்தக் குணத்தை 1702-லேயே பாரிஸில் கியோம் அமோன்தோன் அளந்து எழுதிவிட்டார். கேஜ் பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ இருக்கிறது. ஆக, 110 என்பது உண்மையில் 124.7. காலையில் 25 டிகிரி, கெல்வினில் 298. ஓடிய டயருக்குள் 65 டிகிரி என்றால் 338. 124.7-ஐ 338-ஆல் பெருக்கி 298-ஆல் வகுத்தால் 141.4. வெளிக்காற்றைக் கழித்தால் கேஜில் 127. டிரைவர் பயந்த அதே எண்.

அதை 110-க்கு இறக்கிவிட்டால்? ராத்திரி டயர் ஆறியதும் 95-தான் நிற்கும். மறுநாள் அதே லோடுக்கு டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கி நிமிரும். அதில் வரும் சூடு முந்தைய நாளைவிட அதிகம். வெடிக்கக்கூடாது என்று இறக்கிய காற்றே வெடிப்புக்கு வழி செய்யும்.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். இந்தக் கணக்குக்கு அதுவும் கட்டுப்பட்டதே. என் கவலை ஈரம். கம்ப்ரஸர் காற்றை நசுக்கும்போது அதன் கன அளவு சுருங்கி அழுத்தம் ஏறும், கூடவே சூடும் ஏறும். டேங்கில் ஆறும்போது ஈரம் நீராகி அடியில் தேங்கும். தினமும் டிரெயின் வால்வைத் திறந்துவிடாவிட்டால் அந்தத் தண்ணீர் டயருக்குள் போய், சூட்டில் ஆவியாகித் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்.

சூடான டயரிலும் நான் கேஜ் வைப்பதுண்டு, பின்னால் ஜோடியாக ஓடும் இரண்டையும் ஒப்பிட. கேஜை மட்டும் நம்புவதில்லை. கையாலும் தொட்டுப் பார்ப்பேன். காற்று குறைந்த டயர் அதிகம் சூடாகி, அந்தச் சூட்டாலேயே தன் குறையைப் பாதி மறைத்துவிடும். கேஜில் சற்றே குறைவு, கைக்கு மட்டும் அதிகச் சூடு என்றால் அந்த லாரியை ஆறும்வரை நிறுத்தி, வால்வில் எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.